நாலு பக்கமும் பச்சை

கேஸ்காவிடம் கார் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் முப்பத்து நாலு வருடமாக வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிற நர்ஸ் அவள். ஆலங்கட்டி மழை கொட்டினாலும் அவள் சைக்கிள் கிளம்பிவிடும். அறுபத்திரண்டு வயதில், எதிர்காற்றில், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் ஆப்பிளைக் கடித்தபடி போவாள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அவள் தம்பி எல்கோ அப்படியில்லை. இருபது வயதில் கனடாவுக்குப் போய் லாரி ஓட்டிப் பிழைத்தவன், முப்பத்தெட்டு வருடம் கழித்து வந்திருந்தான். வந்ததும் வாடகைக்குக் கார் எடுத்தான். ஊர் நடுவே ஒரு பேட்டையிலிருந்து அடுத்த பேட்டைக்குக் காரில் நேராகப் போக விடமாட்டார்கள். வெளிவட்டச் சாலை வரை போய்ச் சுற்றி வரவேண்டும். இரண்டு தரம் சுற்றியவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பத்து நாள் தங்க வந்தவன், நாளைக்கே கிளம்புகிறேன், சாயங்காலம் டிக்கெட்டை மாற்றிவிடுவேன் என்றான்.

கேஸ்காவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது போனால் இவன் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் கெஞ்சுவது அவள் பிறவியிலேயே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வந்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இன்னிக்கு எனக்கு நாலு வீடுதான். கூட வாடா. அப்புறம் எங்க வேணா போ."

முதலில் தள்ளாடினான். கால்வாய் ஓரம் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. பூங்காவுக்குள் மரநிழலில் போகும்போது அக்காவையே முந்தினான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்தாள்.

அந்த ஊர்ச் சாலைச் சந்திப்பில் சைக்கிள்களுக்கு நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விழும். எல்லாரும் எல்லாப் பக்கமும் ஒருவரை ஒருவர் ஊடுருவிப் போவார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். எல்கோ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த வழக்கம் இது. பச்சை விழுந்தது, பாவம், நட்டநடுவில் பிரேக் போட்டுவிட்டான். இரண்டு குழந்தைகளைச் சைக்கிளின் முன்பெட்டியில் வைத்து ஓட்டி வந்தவள் அவன் சக்கரத்தை உரசிப் போனாள். ஒரு கல்லூரிப் பையன் வைதுகொண்டே விலகினான். எல்கோ முகம் வெளுத்து, காலை ஊன்றி நின்றான்.

சந்திப்பின் மறுபக்கம் போய்விட்ட கேஸ்கா வளைந்து திரும்பி வந்து, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"காலத் தூக்குடா. நிக்காம போ, மத்தவங்க பாத்துக்குவாங்க."

தள்ளிக்கொண்டே கரை சேர்த்தாள். எல்கோ விளக்குக் கம்பத்தைப் பிடித்து மூச்சு வாங்கினான். கத்தப்போகிறான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். நினைத்தது வாயில் வந்துவிட்டது.

"நீ போனா நான் இனிமே உன்னைப் பாக்க முடியாதுடா. அதான் கூட்டிட்டு வந்தேன்."

அவன் சைக்கிளைத் திருப்பி, விளக்குக்காகக் காத்திருந்தான். பச்சை விழுந்ததும் கூட்டத்துக்குள் தனியாகப் புகுந்தான். பிரேக்கில் கை வைக்காமல் எதிர்ப்பக்கம் போனான், அடுத்த பச்சையில் திரும்பி வந்தான். காது வரை சிவந்திருந்தது.

"நாளைக்கு எத்தனை வீடு அக்கா?" என்றான்.

ஒன்பது என்று சொல்லிவிட்டு, கேஸ்கா பையிலிருந்த ஆப்பிளை அவனிடம் நீட்டினாள்.