தெற்குக் கிணறும் ஒரு புழுவின் தாடையும்

போன வியாழக்கிழமை பிள்ளைப்பாக்கம் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு கிணற்றைப் பார்க்க.

மறைந்த என் கணவர் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவர். இந்தப் பக்கம் பாறை தரைக்கு மேல் தலைகாட்டாது; கிணறு வெட்டினால்தான் தெரியும். ஆகவே யார் கிணறு வெட்டினாலும் சைக்கிளில் போய் நிற்பார். அப்படிக் கிடைத்த ஒரு வெளிறிய களிக்கல்லில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கருந்துணுக்கு, ரம்பம்போல் பல்வரிசையுடன். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த புழுவின் தாடை. உடல் அழுகிவிடும், தாடை தங்கிவிடும்.

கல்லூரி ஆய்வகம் இப்போது அதைக் கேட்கிறது. எந்தக் கிணறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். இடம் தெரியாத கல் வெறும் கல். என்னிடம் உள்ள அட்டையில் ‘தனலட்சுமி வீட்டுக் கிணறு’ என்று இருந்தது. அதே கிணற்றிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை என்று கிளம்பினேன்.

குன்றத்தூரில் காலை 6.40க்கு ஆட்டோ. போக, வர, காத்திருக்க 1,100 ரூபாய். தூரம் 22 கிலோமீட்டர். தொழிற்சாலை ஷிப்ட் பஸ்கள் வரிசையாக மறித்ததால் ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. வழி நெடுக, கிணறுகளைத் தூர்த்து நிலம் சமன்செய்யும் வண்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை மணி பார்த்தேன்.

“இன்னாம்மா, கல்லு பொறுக்கவா இவ்ளோ அவசரம்? அது எங்க ஓடிடப் போகுது?” என்றார் ஓட்டுநர் செல்வம்.

“கல் ஓடாது. கிணறு ஓடும். சாலையைப் பாருங்கள்.”

தனலட்சுமிக்கு அறுபது வயதிருக்கும். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அட்டையைப் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

“எங்க கெணத்துலயா? அதுல வெறும் மண்ணும் மணலும்தாம்மா. கல்லு வந்தது தெக்கால எங்க மச்சாண்டாரு கெணத்துல. சார் சைக்கிள இங்க வுட்டுட்டு அங்கதான் நடந்து போவாரு.”

எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் எழுதிய சீட்டு சேறும் தேநீர்க் கறையுமாக இருந்தது. ‘தெற்குக் கிணறு’ என்று மட்டும் எழுதியிருந்தார். இதென்ன விவரமில்லாத எழுத்து என்று, அவர் வாய் ஓயாமல் சொல்லும் வீட்டின் பெயரைப் போட்டு, வெள்ளை அட்டையில் அழகாகப் படியெடுத்தவள் நான். சீட்டைக் கிழித்தும் போட்டேன்.

“உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் கிணறு இன்னும் இருக்கிறதா?”

“கீது. இன்னிக்குத்தான் மூடறாங்க.”

தனலட்சுமியையும் ஏற்றிக்கொண்டு ஓடினோம். 600 மீட்டர். ஜேசிபி பாதிக் கிணற்றைத் தூர்த்திருந்தது. நான் விளிம்புக்குப் போனேன்.

“ஆயா, ஓரம் போ!” என்று கத்தினார் ஓட்டுபவர், நரைமீசைக்காரர்.

“நான் உங்களுக்கு ஆயா இல்லை. முதலில் வண்டியை நிறுத்துங்கள்.”

“ஏ, சார் வூட்டு அம்மாடா, நிறுத்து!” என்றார் தனலட்சுமி. ஓட்டுபவர் அவருக்குத் தம்பி முறையாம். முறைத்துக்கொண்டே நிறுத்தினார். பக்கச் சுவரில், பன்னிரண்டு அடிக்குக் கீழே, வெளிறிய கல் வரி தெரிந்தது. அதில் ஜேசிபியால் ஒரு வாய் சுரண்டி மேலே கொட்டினார்.

“பத்து நிமிசம். அதுக்கு மேல சூப்பர்வைசர் என்னைத் தின்னுடுவான்.”

நான் கத்தியால் பிளந்தேன். செல்வமும் தனலட்சுமியும் கல்லால் தட்டிப் பிளந்தார்கள். லென்ஸில் இலைத் துணுக்கு, மறுபடி இலைத் துணுக்கு. எட்டாவது நிமிடம் செல்வம் ஒரு சில்லை நீட்டினார். “எறும்பு ஒட்டிக்கினு கீதும்மா.”

எறும்பு இல்லை. ரம்பப் பல், ஏழு எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன்.

8.30க்கு மண் மறுபடி விழத் தொடங்கியது. இனி அந்தக் கல்லை யாரும் பார்க்கப் போவதில்லை.

இப்படிக் கிணறு தேடி நீங்களும் போவதானால்: தடித்த செருப்பு, பத்து மடங்கு காட்டும் லென்ஸ், பழைய செய்தித்தாள் போதும். கிணற்று விளிம்புக்குத் தனியாகப் போகாதீர்கள். காலை எட்டுக்கு முன் போய்ச் சேருங்கள். ஊர்ப் பெண்களிடம் கேளுங்கள். சீட்டை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து அழகாக எழுதலாம் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு கற்களையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘முதல் கல்லின் இடத்தைத் தவறாக எழுதியது அவரல்ல, நான்’ என்று, சரியான இடத்தையும் குறித்து, தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். புதிய சீட்டில் ‘தெற்குக் கிணறு’ என்றே இருக்கிறது, நடுவில் என் கட்டைவிரலின் சேற்றுத் தடத்துடன். படியெடுக்கவில்லை.