முதுகு ஒல்லியான புத்தகம்

மருந்துக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த ஆசை ஒன்றுதான். தன் கதைகள் புத்தகமாக வரவேண்டும், அதன் முதுகில் 'முழுத் தொகுப்பு' என்று இருக்கவேண்டும். கதைகள் மொத்தம் ஒன்பது. கடைசிக் கதை எழுதி ஏழு வருஷம். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை, கேட்டவர்களும் இல்லை.

எல்லாம் கடையில், மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்து உட்புற வெள்ளையில் எழுதியவை. இருமல் மருந்துக்கு ஆள் வந்தால் கதாநாயகி பாதியில் நிற்பாள். திரும்பி வருவதற்குள் அவள் எதற்கு அழுதாள் என்பது இவருக்கே மறந்திருக்கும்.

அச்சகக்காரர் மாதிரிப் பிரதியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப ஒல்லிண்ணே. உங்க பேரு, இல்லைன்னா 'முழுத் தொகுப்பு'. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்."

"தடிச்ச காகிதம் போட்டா?"

"போட்டுத்தான் இந்த லட்சணம்."

வேறு யாராக இருந்தாலும் பெயரைப் போடச் சொல்லியிருப்பார்கள். இவர், "தொகுப்பையே போடுங்க" என்றார். பெரிய ஆட்களுக்குத்தானே அப்படிப் போடுகிறார்கள்!

அச்சகக்காரர் முதுகில் அதை எழுதிக் கொடுத்த பிரதியை வீட்டில் மனைவி திருப்பிப் பார்த்தாள்.

"முழுசுன்னா எல்லாம் வந்தாச்சா?"

"ஒண்ணு விடல."

"தண்ணி வரலைன்னு ஆபீசுக்கு ஒரு மனு எழுதினீங்களே? மறுநாளே ஆள் ஓடி வந்தான். உங்க எழுத்துல வேலை செஞ்சது அது ஒண்ணுதான்."

"அதெல்லாம் இலக்கியம் இல்லம்மா."

"சரி. அப்ப இனிமே எழுத மாட்டீங்க?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் முதுகுல போட்டிருக்கீங்களே. போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தான் இப்படிப் போடுவாங்கன்னு நெனச்சேன்."

அவர் பிரதியை வாங்கி முதுகை மறுபடி பார்த்தார். 'பெரிய கதை ஒண்ணு மனசுல ஓடிட்டிருக்கு' என்று ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறார். ஓடியது உண்மைதான், அவரைவிட்டு வெகுதூரம் ஓடியிருந்தது. பத்தாவது வராது என்ற பயத்துக்குத்தான் இத்தனை கௌரவமாக ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

காலையில் முதல் வேலையாக அச்சகத்துக்குப் போனார்.

"பேரையே போட்டுடுங்க. அட்டையில வெறும் 'கதைகள்' போதும்."

"அப்ப முழுத் தொகுப்பு எப்பண்ணே?"

"முதுகு தடிக்கட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்து கடையில் ஒரு பெட்டியைப் பிரித்தார். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கை தானாக, 'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில் தண்ணீர் வருவதில்லை' என்று எழுதிற்று. தலையில் அடித்துக்கொண்டு கிழிக்கப்போனவர், அந்த ஐயா யார் என்று ஒரு கணம் யோசித்தார். அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும்.

"அண்ணே, இருமலுக்கு ஏதாவது குடுங்க."

"ஒரு நிமிஷம் இருமிட்டு இருங்க" என்றார், நிமிராமலே.