மோர் ஸ்டெல்லா

வியாழக்கிழமை காலை சானடோரியம் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எங்களோடு கிரீம் கம்பெனியில் டப்பா நிரப்பிய குமுதா எதிரே வந்தாள். "விஷயம் தெரியுமாக்கா? நம்ம மோர் ஸ்டெல்லா விடியகாலைல போய்ட்டாங்க" என்றாள். எனக்கு முதலில் உறைத்தது சாவு இல்லை, அந்த 'மோர்'. அந்தப் பெயரை வைத்தவள் நான்.

கம்பெனியில் என்னிடம் பட்டப்பெயர் வாங்காத ஆளே கிடையாது. முதலாளிக்கும் ஒன்று உண்டு, அதை இங்கே எழுத முடியாது. ஸ்டெல்லாவுக்கு வைத்தது மட்டும் விளையாட்டுக்கு இல்லை, பயத்தில் வைத்தது. குரோம்பேட்டை ஷெட்டில் அவளோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டெல்லாதான் மிக்சிங். இரும்புலியூரிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாக ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் மெழுகைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குவாள். ஆற ஆற வெள்ளையாகத் திரண்டு வரும். "இந்த மெழுகு இன்னாடி பண்ணுது, மந்திரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. இதுக்கு ரெண்டு பக்கம். ஒண்ணு எண்ணெயப் புடிச்சுக்கும், இன்னொண்ணு தண்ணியப் புடிச்சுக்கும். எண்ணெய் பொடிப்பொடியா உடையுது பாரு, ஒவ்வொரு சொட்டையும் சுத்தி நின்னுக்கும். திரும்ப ஒண்ணு சேர விடாது. உன்னாட்டமே ரெண்டு பக்கமும் பேசும்" என்றாள்.

ஷெட்டில் இன்னொரு மெழுகும் இருந்தது. மெழுகுவத்தி செய்கிற சாதி. கிரீம் கெட்டியாக இருக்கக் கொஞ்சமாகப் போடுவது. அதே வெள்ளை வில்லை, அதே மாதிரி மூட்டை. மூட்டையின் மேலிருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. சரக்கு தீர்ந்தால் சொல்வது என் வேலை. எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிற அந்த மெழுகு தீர்ந்து போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. தீபாவளி ஆர்டர் அன்று ஸ்டெல்லா "மெழுகு எடுத்தாடி" என்றதும் மூலையிலிருந்த மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தேன்.

ஆறும்போது மேலே ஆடை கட்டியது, அடியில் தண்ணீர் நின்றது. மறுபடி சூடாக்கினோம், மறுபடி திரிந்தது. வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த சமயம். என் வேலையும் போனால் பிள்ளைகளுக்குச் சோறில்லை. கை மரத்துப் போயும் நான் துடுப்பை விடவில்லை.

"விடுடி வசந்தா. எவ்ளோ கலக்குனாலும் சேராது. புடிச்சுக்கறதுக்கு உள்ள ஆளே இல்ல" என்றாள். பிரித்த மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி வந்து யார் செய்தது என்று கத்தினார். "நான்தான் மிக்சிங், சார்" என்றாள் ஸ்டெல்லா. நான் துடுப்போடு நின்றேன்.

மறுநாளே அவளை லேபிள் ஒட்டப் போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எப்படித் திரிந்தது என்று பேச்சு வந்தது. அது மூட்டைப் பக்கம் போய்விடுமோ என்று பயந்து, "ஸ்டெல்லா கலக்குனா கிரீமா வரும்? மோர்தான் வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவளும்தான். பிறகு மிக்சிங்கைத் திரும்பக் கேட்டு அவள் போன போதெல்லாம் முதலாளி அந்தப் பெயரைச் சொல்லியே அனுப்பினார். கடைசிவரை கொடுக்கவில்லை.

அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், உடம்பு முடியாமல் கிடந்தவளைப் பார்க்கப் போனேன். படுக்கையில் கை வறண்டு வெடித்திருந்தது. கிரீம் தடவிக்கொண்டே, "ஸ்டெல்லா, அன்னிக்கு அந்த மெழுகு..." என்று இழுத்தேன்.

"தெரியும்டி. மூட்டையப் பார்த்தேனே."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"உன் வீட்டு நெலம எனக்குத் தெரியாதா? நீயே ஒருநாள் சொல்லுவேன்னு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க வரும்போது அவள் எதிரிலேயே சொல்கிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிறுவரை அவள் இருக்கவில்லை. இனி யார் எதிரில் சொல்வேன்?

'சொல்லுவேன்னு இருந்தேன்.' அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தச் சொல்தான். கேட்டுக்கொள்ளுங்கள்: தப்பு மூட்டையைப் பிரித்தவள் வசந்தா. மிக்சிங் ஸ்டெல்லா ஒருநாளும் கிரீமைத் திரியவிட்டதில்லை.