சிஞ்ஞோரிடம் இரண்டு முறை விழுந்தவர்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியின் பலெர்மோ நகரில், பழங்கால வீரர்களைப் போல இரும்புக் கவசம் அணிந்து மழுங்கிய வாளால் மோதும் போட்டியில் அவரைக் கண்டேன். யாழ்ப்பாணத்தவர், பெரிய மீசை. ஒரு சட்டத்தரணி வீட்டில் வேலை. அந்த முதலாளியைச் 'சிஞ்ஞோர்', அதாவது ஐயா, என்பார். ஆள் குறைந்ததால் சிஞ்ஞோரே இவரையும் களத்தில் இறக்கியிருந்தார். சிஞ்ஞோருக்குத் தோற்பது பிடிக்காது.

ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் சிஞ்ஞோரின் தலைக்கவசத்தைத் துடைத்துக் கொடுத்த பிறகே தன்னுடையதை மாட்டுவார்.

முதல் மோதலே சிஞ்ஞோருடன்தான். வாள் படுமுன்பே விழுந்தார்.

"என்னண்ணை, காத்துக்கே விழுந்திட்டியள்?" என்றேன்.

"சிஞ்ஞோர் விழச் சொன்னவர், விழுந்தன். எத்தினை தரமெண்டு சொல்லேல்லை."

இரண்டு முறை தோற்றவரே வெளியேற வேண்டும் என்பது விதி. மற்ற எல்லோரையும் வென்று இறுதிக்கு வந்தவர், அங்கே சிஞ்ஞோரையும் மண்ணில் சாய்த்தார். இருவருக்கும் ஒவ்வொரு தோல்வி என்பதால் இன்னொரு மோதல். சிஞ்ஞோரின் முகம் சிவந்திருந்தது. இவர் அவருடைய தலைக்கவசத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக் கொடுத்தார்; பிறகு நெஞ்சில் கைவைத்து அழகாக விழுந்தார்.

"வெண்டிருக்கலாமே அண்ணை?"

"ஓம். திங்கள் வேலைக்குப் போகவேணுமெல்லோ!"

வெற்றிக் கோப்பை சிஞ்ஞோர் வீட்டுக்குப் போனது. அதைத் துடைப்பவரும் இவராகத்தான் இருக்க வேண்டும். துடைக்கும்போது சிரிப்பாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.