மனைவி சொன்ன பதில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நெடுங்கேணிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் பல் டொக்டராக இருந்தேன். ஒரு நாள் வயல்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். பல் முரசு, அதாவது ஈறு, வீங்கியிருக்கிறது என்றார். முரசு நோய் முற்றக்கூடுமா என்று அறிய எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளை அவரிடமும் கேட்டேன்.

"ஐயா, சுருட்டுக் குடிக்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர்," என்றார் அவர்.

"ஓம் டொக்டர்," என்றார் கதிரைக்குப் பின்னால் நின்ற மனைவி.

"வெத்திலை?"

"எப்பவாவது."

"நித்திரையில மட்டும் போடுறேல்லை," என்றார் மனைவி.

"பல்லு விளக்கேக்க ரத்தம் வாறதோ?"

அவர் யோசித்தார். மனைவி யோசிக்கவில்லை. "அதுக்கு முதல்ல விளக்கவேணுமெல்லோ!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயைப் பார்த்தேன். முரசு சிவந்திருந்தாலும் பற்கள் உறுதியாகவே இருந்தன. ஒழுங்காக விளக்கினால் சரியாகிவிடும் என்றேன்.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "இவாவையும் ஒருக்காப் பாருங்கோ," என்றார். மனைவி அரைமனதோடு கதிரையில் அமர்ந்து வாயைத் திறந்தார். அதே கேள்விகளைக் கேட்டேன்; பதில் சொல்லும் முறை இப்போது கணவருக்கு.

"எனக்கு ஒரு வெத்திலை மடிச்சால் இவா தனக்கு ரெண்டு மடிப்பா, டொக்டர்!"

வாய்க்குள் நான் பல் பார்க்கும் சிறு கண்ணாடி இருந்ததால் மனைவியால் மறுத்துப் பேச முடியவில்லை. விரல் பட்டதும் கீழ்ப் பற்கள் இரண்டு ஆடின. உண்மையில் ஆபத்து மனைவிக்குத்தான் என்றேன். கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"டொக்டர், பல்லு விழுந்தாலும் இவா கதைப்பாதானே?" என்று கவலையோடு கேட்டார்.

நான் கண்ணாடியை வெளியே எடுத்தேன்.

"வீட்ட வாங்கோ," என்றார் மனைவி. "கதைக்கிறன்."