தம்பியின் இங்கிலீஷ் பாட்டும் என் பர்மனென்ட் வேலையும்

என் தம்பி இங்கிலீஷ் பாட்டுக்காரன். சொன்னால் சிரிப்பார்கள், நெய்வேலிக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று. நானும் சிரித்தவள்தான். அவனே எழுதி, அவனே கிடார் வாசித்து, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து பாடுவான். "எந்நேரமும் இன்னாத்தையோ கத்திக்கினு கெடக்கறான்" என்பாள் அம்மா. அவள் குறிஞ்சிப்பாடிக்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு வேலை வீட்டில் ஒருவருக்குத்தான். நான் டிப்ளமா முடித்துவிட்டு பக்கத்து ஊர் வடக்குத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தான். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வேலை பையனுக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். பெண், கட்டிக்கொடுத்தால் போகிறவள்தானே. மூத்தவள் நான் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம்தான் தம்பி புதுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான்.

"சூப்பர்டா. இந்தக் குரலை வெச்சிகிட்டு மைன்ஸ்ல போயி ஷிப்ட் பாக்கப் போறியா நீ?" என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதுவரை வீட்டில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. சில நாள் யோசித்துவிட்டு, "வேலைய நீ எடுத்துக்கோக்கா, நான் சென்னைக்குப் போறேன்" என்றான். தனக்கு ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். எனக்கு வேலை கிடைத்தது.

அன்றைக்கு நான் மனதாரச் சொன்னேனா, வேலைக்காகச் சொன்னேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது. பாட்டில் பாதி வார்த்தை புரியவில்லை. குரல் நன்றாக இருந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவன் கழுதை மாதிரி கத்தியிருந்தாலும் நான் சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சென்னையில் அவன் கடற்கரைச் சாலையில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் சனி, ஞாயிறு பாடினான். தின்றுகொண்டிருப்பவர்கள் சினிமாப் பாட்டு கேட்டுத் துண்டுச்சீட்டு அனுப்புவார்களாம். இவன் பாட மாட்டான். பிடிவாதம் அப்பாவுடையது. சொந்தப் பாட்டு ஒன்றை வீடியோவாகப் போட்டான். நான் குடும்ப குரூப்பில் பகிர்ந்தேன். சித்தி இரண்டு கும்பிடும் ஒரு ரோஜாப்பூவும் போட்டாள். அதற்கு மேல் அந்தப் பாட்டு எங்கும் போகவில்லை. இன்னும் சில பாட்டுகள் வந்தன, அவையும் அப்படித்தான். ரெஸ்டாரன்ட்டை மூடியபின் கல்யாண ரிசப்ஷன்களில் மைக் செட் தூக்கிக்கொண்டு போனான் என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

போன பொங்கலுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, உனக்குத் தெரிஞ்ச கான்ட்ராக்டர் யாராச்சும் இருந்தா சொல்லி வையேன். எந்த வேலைன்னாலும் பரவால்ல" என்றான்.

பர்மனென்ட்டாகப் போயிருக்க வேண்டியவன் கான்ட்ராக்ட் கேட்கிறான், அதுவும் என்னிடம்.

"அப்ப பாட்டு?" என்றேன்.

"யாருக்குக்கா வேணும் என் பாட்டு? நீ ஒருத்திதான் நல்லாருக்குன்னு சொன்ன." குத்திக் காட்டவில்லை. நன்றியோடு சொன்னான், பாவி.

"புதுசா ஏதாவது பாடு, கேக்குறேன்" என்றேன். இந்த முறையாவது ஒழுங்காகக் கேட்டு உள்ளதைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பாடினான். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் எனக்குக் கண் கலங்கியது. பாட்டுக்கா, அவன் இளைத்திருந்ததற்கா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் வேறொன்று வந்து நின்றுவிட்டது. மைன்ஸ் கேட்டில் காலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் நிற்கிற வரிசை. அதில் இவன். என் பக்கத்து சீட்டுக்காரி, "உங்க தம்பியா மேடம் அது?" என்று கேட்பது.

பாடி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நல்லாருக்குடா" என்றேன். "ரொம்ப நல்லாருக்கு. கான்ட்ராக்ட் எல்லாம் உனக்கு வேணாம். திரும்பிப் போ."

"நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான்."

"புள்ளையக் கொஞ்ச நாளு வூட்டுல இருக்க வுடேன்" என்று அம்மா முனகினாள். நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மறுநாள் காலை நானே அவனை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்த முகமாகக் கையாட்டினான். பஸ் திரும்பி மறைந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் கூடப்பிறந்தவன் போகிறான், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.