மெஷினுக்கு முன்னால் ஒரு ஜோடி சிலிப்பர்

அம்மா வீட்டின் பின்பக்கச் சமையலறையில், துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி நீல நிற சிலிப்பர் கிடக்கும். தரை ஈரமாக இருக்கும், வழுக்காமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நான் அந்த மெஷினைத் தொட்டதில்லை. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்பதால் என் துணியெல்லாம் அங்கேயே துவைபட்டுவிடும். கடல் பாலத்தைத் தாண்டி, அம்மா வீடு இருக்கும் ஜெலுத்தோங்குக்கு வருவது மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

வீட்டில் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். தம்பிக்கு மாக் மண்டினில் பட்டறை வேலை. அம்மா முன்கூடத்தில் ரவிக்கை தைக்கிறார். தையல் மெஷினில் ஓட்டுவது பாதி வேலைதான். ஓரம் மடித்துக் கையால் தைப்பது, கொக்கி வைப்பது, துணியைத் தடவிப் பார்த்தே அது சுருங்குமா சுருங்காதா என்று சொல்வது எல்லாம் விரல் வேலை. அப்பா போன பிறகு எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் அந்த விரல்கள்தான்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அறைக்குப் பக்கத்திலிருந்த டோபிக் கடை மூடியிருந்ததால் போர்வைகளை மூட்டை கட்டி அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பின்கட்டுக்குப் போய் மெஷின் மூடியில் கை வைக்கும்போது தம்பி கத்தினான்.

"அக்கா! சிலிப்பர்!"

"தரை காஞ்சுதானே இருக்கு?"

"தரைக்கு இல்ல லா. வெறுங்காலோட தொட்டா மெஷின் கடிக்கும்."

முன்கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இப்பல்லாம் கடிக்கறதில்ல. தானா சரியாயிருச்சு. நான் சிலிப்பர் போட்டே ரொம்ப நாளாச்சு."

நான் மூட்டையைக் கீழே வைத்தேன். கரண்ட் கசிவு தானாகச் சரியானதை நான் இதுவரை பார்த்ததில்லை. வழக்கம்போல் மனதுக்குள் வரிசையாகக் கேள்விகள் எழுந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டேன். மெஷினை யாராவது பழுது பார்த்தார்களா? இல்லை. எப்போதிருந்து கடிக்கிறது? சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டி, மெஷினை இங்கே மாற்றியதிலிருந்து. இங்கே யார் வயர் இழுத்தது?

"டைல்ஸ் போட்டவரே இழுத்துக் குடுத்துட்டாரு. நல்ல மனுஷன்," என்றான் தம்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெயின் போர்டுல அந்த டெஸ்ட் பட்டன நான்தான் மாசா மாசம் அமுக்குறேன். டக்குன்னு சுவிட்ச் விழுந்து கரண்ட் நிக்குது. எல்லாம் ஓகே லா," என்றான்.

"அந்த பட்டன், சுவிட்ச் விழுமான்னு மட்டும்தான் சொல்லும். இந்த மெஷினுக்கு எர்த் வயர் வந்திருக்கான்னு அதுக்குத் தெரியாது."

"நீ வந்தாலே வீட்டுல ஏதாச்சும் கெட்டுப் போயிருது அக்கா."

வாசலில் நிறுத்தியிருந்த என் காடியிலிருந்து, வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துவந்து மெஷின் உடம்புக்கும் குழாய்க்கும் இடையில் வைத்துப் பார்த்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிறகு வெறுங்காலோடு நின்று, மூடியின் கீழிருந்த உலோக விளிம்பை விரலின் பின்புறத்தால் தொட்டேன். சுருக்கென்றது.

அம்மா தையலை விட்டு எழுந்து வந்தார். வெறுங்கால். "உன் மீட்டர் பொய் சொல்லுது," என்று, துணியின் தரம் பார்ப்பதுபோல் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றையும் அந்த விளிம்பில் வைத்துத் தேய்த்தார். "பாரு. ஒன்னுமே இல்ல."

தம்பி நம்பாத முகத்தோடு நின்றான். அவனுக்குக் காட்டுவதற்காக அம்மா கையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். சுண்டுவிரல் உலோகத்தில் பட்டது.

"ஆ!"

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "மெஷினுக்கு உன் சுண்டு விரலத்தான் பிடிச்சிருக்கும்மா!" அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் உருவிப் போட்டேன்.

எங்கள் பிரிவில் ஒரே பொருளுக்கு இரண்டு கருவிகள் இரண்டு விதமாகக் காட்டினால், பொருளை விட்டுவிட்டு முதலில் கருவிகளைப் பார்ப்போம். இங்கே மீட்டரும் என் விரலும் அம்மாவின் சுண்டுவிரலும் ஒன்றையே சொன்னன. அம்மாவின் மூன்று விரல்கள் மட்டும் வேறு சொன்னன.

"அந்த மூனு விரலும் எப்பலேர்ந்தும்மா இப்படி?"

அம்மா தம்பியைப் பார்த்து, "உள்ள அடுப்புல தண்ணி கொதிக்குதா பாரு," என்றார். அடுப்பில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவன் போய்விட்டான்.

"காலையில எந்திரிச்சா மரத்துப் போயிருக்கும். ஒதறினா சரியாயிரும். இப்ப கொஞ்ச நாளா ஒதறினாலும் சரியாவல. ஊசி கீழ விழுந்தா, பார்த்தாத்தான் தெரியுது." சற்று நிறுத்தி, "தீபாவளி முடியட்டும்னு இருந்தேன். டாக்டர்கிட்ட போனா ஆபரேஷன்னு சொல்லுவாங்க. கை போயிருச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

மெஷினைப் பற்றிச் செய்ய வேண்டியது மட்டும் தெரிந்தது.

வீட்டு வயரிங்கில் கை வைக்க எனக்கு உரிமம் இல்லை. உரிமம் உள்ள ஒரு வயர்மேனை அழைத்தேன். அவர் சாக்கெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். முன்னால் மூன்று ஓட்டை, பின்னால் இரண்டே வயர். எர்த் வயர் வர வேண்டிய திருகில் ஒன்றும் இல்லை, புதிதாகப் பளபளத்தது.

"இந்த ஓட்டை சும்மா அழகுக்கு வச்சிருக்காங்க தங்கச்சி," என்றார்.

இதுபோன்ற மெஷின்களில் சிறிதளவு கசிவு இருப்பது இயல்புதான். எர்த் வயர் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் மெஷினின் உடம்பிலேயே தங்கி, யாராவது வழி கொடுக்கும்வரை காத்திருக்கும். சிலிப்பர் அந்த வழியை அடைக்கிறது, கசிவை நிறுத்துவதில்லை. என்றாவது உள்ளே ஒரு வயர் உரிந்து உடம்பில் பட்டிருந்தால், அம்மாவுக்கும் முழு மின்சாரத்துக்கும் நடுவில் அந்த ரப்பர் மட்டுமே இருந்திருக்கும். அதைப் போடுவதையும் அம்மா நிறுத்தியிருந்தார். மெயின் போர்டில் இருந்த பழைய பாதுகாப்பு சுவிட்ச், ஓர் ஆளைக் காப்பாற்றும் அளவுக்குச் சிறிய கசிவில் விழக்கூடியதும் அல்ல.

வயர்மேன் மெயின் போர்டிலிருந்து எர்த்தோடு புதிய வயர் இழுத்தார். பின்கட்டுக்கென்று, சிறு கசிவுக்கே விழுந்துவிடும் தனி சுவிட்ச் ஒன்றும் வைத்தார். அளந்து பார்த்தோம். மெஷின் உடம்பில் மின்சாரம் இல்லை. தம்பி வெறுங்காலோடு தொட்டுப் பார்த்துவிட்டு சிலிப்பரைக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு யோசித்து, "நல்லாத்தான் இருக்கு, தாண்டாசுக்கு ஆவும்," என்று திரும்ப எடுத்துக் கழிப்பறை வாசலில் போட்டான்.

அம்மாவைச் சரிக்கட்டுவது இதைவிடக் கடினமாக இருந்தது. நான் மென்மையாகச் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். கடைசியில் தம்பிதான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மெஷின் தானா சரியாயிருச்சுன்னு சொன்ன. இப்ப கையும் தானா சரியாயிரும்ங்கிற. அக்கா அடுத்த தடவ மீட்டர உன் கையில வச்சிரும்மா, பார்த்துக்க."

மறுநாள் அம்மா கிளினிக்குக்குக் கிளம்பினார். கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்புச் சோதனை என்று மணிக்கட்டில் சிறு மின்சாரம் கொடுத்து, அது விரல்வரை போகிறதா என்று பார்த்தார்கள். அம்மா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டுல ஓசியில கெடச்ச ஷாக்குக்கு, இங்க நம்பர் எடுத்து ஒக்காரணும் போல."

மணிக்கட்டில் ஒரு குறுகலான இடத்தில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு அது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. இன்னும் தள்ளிப்போட்டால் உணர்வு திரும்பாமலே போகலாம். சிறிய ஆபரேஷன்தான், ஆனால் முழுவதும் திரும்பும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

வரும் வழியில் காடியில் அம்மா மூன்று விரல்களைக் காட்டிக் கேட்டார். "அப்ப இந்த லைன் கட்டாயிருச்சா?"

"கட்டாவல. நசுங்கியிருக்கு. நசுக்குறத எடுத்துட்டா ஓடும்."

"சுண்டு விரல் வேற லைன்."

"ஆமாம்மா."

தீபாவளிக்கு வந்திருந்த ரவிக்கைகளில் பாதியை அம்மா அடுத்த தெருவில் தைக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தார். கொடுத்தபோது ஒவ்வொன்றையும் மடித்து, இதற்கு இப்படி, அதற்கு அப்படி என்று அந்த அக்கா அலுத்துப்போகும்வரை சொன்னார். தீபாவளிக்கு முன்பே ஆபரேஷன் முடிந்தது. அந்த வருஷம் முறுக்கு பிழிந்தது தம்பி. அதைக் கடிக்க நல்ல பல் வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் கழித்து நான் வந்திருந்த ஒரு ஞாயிறு. அம்மா பின்கட்டில் வெறுங்காலோடு நின்று, மூன்று விரல்களையும் மெஷினின் உலோக விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒன்னும் தெரியலடி," என்றார். குரல் மிகச் சிறியதாக இருந்தது.

"மெஷின்ல இப்ப ஒன்னும் இல்லம்மா. எர்த் போட்டாச்சுல்ல."

"அட, ஆமா." கையை எடுத்தார். "அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

அம்மா முன்கூடத்துக்குப் போய், பாதியில் நின்றுபோயிருந்த ஒரு ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டார். முதல் கொக்கியைப் பார்த்துப் பார்த்துத் தைத்தார். இரண்டாவதை வைக்கும்போது தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிவிட்டார். தம்பி தரையில் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ச்சே!" என்றார் அம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அம்மா ஆள்காட்டிவிரலை வாயில் வைத்திருந்தார். பிறகு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பார்க்குறீங்க? ஊசி குத்திருச்சு," என்று சொல்லிவிட்டு, நூலை எடுத்துக்கொண்டார்.